ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, வளைந்த கழுத்துடன் ஒரு மைக். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை. சொல்லி வாய் மூடியிருக்க மாட்டாள், ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, "இப்ப என்னம்மா சொன்னீங்க?" என்பார். அதற்கெல்லாம் அவளுக்குக் கோபம் வராது. திரும்பச் சொல்வதற்குத்தானே சம்பளம்?

அவளுக்குக் கோபம் வருவது வேறொன்றுக்கு. வண்டி ரத்தாகிவிட்டால் அதை 'சிறிது தாமதம்' என்று அறிவிக்கச் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் கூட்டம் கத்துமாம். மேலாளரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்: "வராத வண்டிய வராதுன்னு சொன்னாத்தானே சார் மனுஷன் வேற வழி பார்ப்பான்? தாமதம்னு சொன்னா பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு பொழுது சாயுற வரைக்கும் நிப்பான்." மேலாளர் அன்றிலிருந்து அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பக்கத்து அறை டைம்கீப்பர் மட்டும், "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரலைன்னா அக்காவத்தான் சொல்லச் சொல்லணும்" என்று கிண்டல் செய்வார்.

இப்படிப்பட்ட வாய், தான் பெற்ற பிள்ளை விஷயத்தில் மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தது. அதை என்னவென்று சொல்வது!

ஒரே மகள். முதல் வகுப்பு. வாலு என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு இடத்தில் உட்காராத அந்தப் பிள்ளை, திடீரென்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்க ஆரம்பித்தது. காலில் ஆங்காங்கே நீல நீலமாகக் கன்றிப்போயிருந்தது. "எங்கடி விழுந்த?" என்று கேட்டால், "விழலம்மா" என்றது. அம்மா நம்பவில்லை, வாலு விழாமல் வேறு யார் விழுவார்கள்? பிறகு காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. தெருமுனை டாக்டர் காய்ச்சல் மருந்து எழுதினார். அடுத்த முறையும் அதையே எழுதினார். மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்காமல் போன அன்றுதான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, இன்னிக்கே" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான நடைக்கூடம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசியில் ஒரு கதவு. கதவைத் திறந்து நர்ஸ் தலையை நீட்டுவாள். "ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க." உள்ளே இடம் அவ்வளவுதான், நோயாளிகள் அவ்வளவு பேர். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒருத்தர் யார்?

அவளுடைய அண்ணன்தான். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு அலுவலகம் போகிற ஆள் வீட்டில் அவன் ஒருவன்தான்; இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கவும், வீட்டுக்காரரிடம் தகராறு பேசவும், எங்கெல்லாம் இங்கிலீஷ் தலைகாட்டுமோ அங்கெல்லாமும் அவனைத்தான் முன்னால் தள்ளுவார்கள். மைக்கக்காவின் புருஷன் லாரி ஓட்டுகிறவன், எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து போனில், "மச்சான் போறாருல்ல, அவரே பேசட்டும். உன் வாய் சும்மா இருக்காது" என்றான். அவளும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது.

"ரத்தத்துல கொஞ்சம் பிரச்சனையாம். இங்க தங்கி மருந்து ஏத்தணுமாம். சரியாயிடும், நீ கவலப்படாத."

"இவ்ளோ நேரமா இதையா சொன்னாங்க?"

"வேற என்னென்னவோ சொன்னாங்க. டெக்னிக்கலா. உனக்குப் புரியாது விடு."

வார்டுக்குப் போனார்கள். வாசலுக்கு மேலே பலகை. ஒவ்வொரு எழுத்தும் கையகலம். 'குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு.' அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு அதற்கு அடியில் குனிந்து நுழைந்தான், கதவு அவ்வளவு உயரமாக இருந்தும். அவள் நின்று படித்தாள். மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தாள். வாய்விட்டு அழவும் முடியாது, வாலு கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இங்க டிவி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் சொல்வான், சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவே இல்லை. வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் 'ரத்தத்துல கொஞ்சம் பிரச்சனை' என்று பூசி மெழுகினான். மைக்கில் சொல்ல மாட்டேன் என்று மறுத்தாளே ஒரு பொய், அதே பொய்யை வீட்டுக்குள்ளேயே ஒருவன் அவளுக்கு அறிவித்துக்கொண்டிருந்தான். அவளும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்டுவிட்டால் உண்மையாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர்களிடம் நேராகக் கேட்டுப் பார்க்காமல் இல்லை. காலையில் கூட்டமாக வருவார்கள். கட்டிலைச் சுற்றி நின்று தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். அவள் தொண்டையைச் செருமி, "டாக்டர், பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தால், "உங்க வீட்டு ஆள்கிட்ட எல்லாம் விவரமா சொல்லியிருக்கோமேம்மா" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். அண்ணனைக் கேட்டால், "அதான் நான் பேசிக்கறேனே, நீ வேற ஏன் அவங்கள நச்சரிக்கற?" என்பான். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். பெற்றவள் நடுவில்.

அதிலும் சின்ன டாக்டர்கள் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வந்தவரெல்லாம் முதலிலிருந்து கேட்பார்: எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டாள், வீட்டில் யாருக்காவது உண்டா. "நேத்து வந்தவர்கிட்ட சொன்னேனே சார்" என்றால், "எங்கிட்டயும் சொல்லுங்க" என்பார்கள். அவள் சொன்னதை ஆயிரம் தடவை சொல்ல வேண்டும். அவர்கள் சொல்ல வேண்டியதை ஒரு தடவை, அதுவும் அண்ணனிடம். நன்றாக இருக்கிறது நியாயம்!

வாலுவின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். கையில் குழாய் செருகி மருந்து ஏற்றினார்கள். வாய் புண்ணாயிற்று. முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு பிள்ளை, "அம்மா, இனிமே நீ சடை போடும்போது வெடுக்கு வெடுக்குன்னு இழுக்க முடியாதே!" என்று சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முதல் கட்ட மருந்து முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற நாள். மறுபடி அதே கதவு, அதே குரல். அண்ணன் போனான், வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"கூட்டத்துக்குள்ள கொண்டுபோகக் கூடாது. வெளிச் சாப்பாடு கூடாது. காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வரணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொன்னான் பாருங்கள், அந்த வார்த்தைதான் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து சில நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு விடியற்காலை தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். டாக்டரிடம் பிள்ளையை அலங்கோலமாகக் கொண்டுபோக மாட்டார்கள். காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போனால், "இவ்ளோ சூடாகற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் திட்டுவார், திட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல். அதனால் முதலில் மாத்திரை கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, சூட்டை இறக்கி, துவைத்த கவுன் மாட்டி, பவுடர் போட்டுத்தான் கிளம்புவார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த காய்ச்சல் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்து உடம்பு குளிர்ந்தது. அப்பாடா என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், அதுவரை பார்க்காத முகம், காய்ச்சல் பார்த்தார். இல்லை. "இப்ப காய்ச்சல் இல்லையேம்மா. வெளிய உக்காருங்க, கூப்பிடறோம்." மாத்திரை கொடுத்தீர்களா என்று அவரும் கேட்கவில்லை, கொடுத்தேன் என்று அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். நண்பகல் தாண்டியதும் வாலு வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. உதடு வெளுத்தது. கை ஜில்லிட்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். தள்ளுவண்டி ஓடியது, நர்ஸ் ஓடினாள். அவளுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், அந்தக் கதவுக்குள்ளே அண்ணனிடம் பேசுகிற பெரிய டாக்டரம்மா வந்து நின்றார். எப்போதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருக்கிறவர், பேசினால் ரயில் ஓடுகிற வேகம்.

"வீட்ல காய்ச்சல் மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தேன் டாக்டர்."

"கடவுளே! குடுக்கக் கூடாதுன்னு அத்தனை தடவ சொன்னேனேம்மா! எதுக்கு சொல்றோம் நாங்க?"

"யாருகிட்ட சொன்னீங்க?" என்றாள் அவள். நடைக்கூடம் முழுக்கக் கேட்டது.

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் ஷூவைப் பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, டாக்டரம்மா ஓடிவிட்டார். கதவு மூடியது.

"சொன்னாங்களா?"

அவன் குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினான்.

"அண்ணா, உன்னத்தான் கேக்கறேன். சொன்னாங்களா, இல்லையா?"

"சொல்லியிருப்பாங்க" என்றான். "அவங்க பேசற வேகத்துக்கு எனக்குப் பாதிக்கு மேல புரியல. முத நாள் ஒரு தடவ திருப்பிக் கேட்டேன். சொன்னாங்க, அப்பவும் புரியல. மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஓகே டாக்டர், ஓகே டாக்டர்னுட்டு வந்தேன். படிச்சவன்னுதானே என்ன அனுப்பறீங்க?"

"புரியலன்னு வெளிய வந்து எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ஊருக்கே வெக்கப்படு, எங்கிட்ட என்ன வெக்கம் உனக்கு?"

"அந்த நோய் பேரையே உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருக்கேன் நான்..."

"வாசல்ல எழுதியிருக்கு. எனக்கும் படிக்கத் தெரியும்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். வாலுவுக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவன். அவளுக்கு அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. தன்னையும் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டும் செய்யாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாலு பிழைத்தது. பல நாள் குழாய்களுக்கு நடுவே கிடந்துவிட்டு, ஒருநாள் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றது.

அடுத்த முறை கதவு திறந்தது. "ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க." பழக்கதோஷம், அண்ணன் பாதி எழுந்துவிட்டான். அவள் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள், பையைத் தோளில் மாட்டிவிட்டாள், உள்ளே போனாள்.

"அவர் வரலையா?" என்றார் டாக்டரம்மா.

"அவர் மருந்து குடுக்கறதில்ல டாக்டர். நான்தான் குடுக்கறேன். எங்கிட்ட சொல்லுங்க."

"எல்லாம் முதல்லயே சொல்லியாச்சேம்மா. வெளிய எத்தன பேர் நிக்கறாங்க பாருங்க."

"எங்கிட்ட சொல்லல. நான் மெதுவாத்தான் புரிஞ்சுக்குவேன். புரியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். திட்டணும்னா திட்டிக்குங்க."

டாக்டரம்மாவுக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கண்ணுக்கடியில் கறுப்பு விழுந்திருந்தது. அவரும் தூங்கி நாளாயிற்று போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இரக்கப்பட்டு எழுந்து போகிற நிலையில் அவள் இல்லை.

"கேளுங்க."

"ரத்தப் புற்றுநோய்தானே?"

"ஆமா."

"பொழைச்சுக்குவாளா?"

"இந்த வகையில நெறைய பிள்ளைங்க முழுசா குணமாகறாங்க. உங்க பொண்ணுக்கும் நல்ல வாய்ப்பு இருக்கு. கண்டிப்பான்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்குல வைத்தியம் பண்ணணும்."

அவள் தலையாட்டினாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. இத்தனை நாளில் பூசி மெழுகாத முதல் பேச்சு இதுதான். நெஞ்சு வலித்தது, காலுக்கடியில் தரை கிடைத்த மாதிரியும் இருந்தது. இதைச் சொல்ல இத்தனை நாளா என்று ஆத்திரம் வேறு.

"மாத்திரை ஏன் குடுக்கக் கூடாது?"

"நாங்க குடுக்கற மருந்துல கிருமியோட சண்டை போடற அணுக்கள் எல்லாம் செத்துப்போயிடும். அந்த நேரத்துல கிருமி உள்ள வந்தா, காய்ச்சல் ஒண்ணுதான் நமக்குத் தெரியற அடையாளம். மாத்திரை குடுத்தா அடையாளம் மறைஞ்சிடும், கிருமி அப்படியே இருக்கும். கொதிச்சாலும் பரவாயில்ல. கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வாங்க. உடனே ஊசியில மருந்து போடணும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

சொன்னார். அவள் போதும் என்கிறவரை சொன்னார். வெளியே நர்ஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு மத்தியானம். அவளுக்கு விடுமுறை, புருஷனும் அதிசயமாக வீட்டில் இருந்தான். படுத்திருந்த வாலு முனகியது. தொட்டால் கை சுட்டது.

"அம்மா, தலை வலிக்குது. மாத்திரை குடும்மா."

"கிளம்பலாம் கண்ணு."

"குடும்மா... கசக்குதுன்னு சொல்ல மாட்டேன். ப்ளீஸ்மா."

"அரை மாத்திரையாவது குடேன்டி. பிள்ள துடிக்குது, பாத்துக்கிட்டு நிக்கறியே!" என்று புருஷன் ஃபிரிட்ஜ் பக்கம் போனான்.

"கைய வெச்சே, நடக்கறதே வேற!" என்றாள். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. அவளுக்கும் உள்ளே பதறியது. அந்த மாத்திரையைக் கொடுத்தால் பிள்ளை அழுகையை நிறுத்தும். இவ்வளவு சின்ன விஷயம், கொடுக்காமல் இருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று டாக்டரம்மாகூடச் சொல்லவில்லை. துடைக்கவில்லை, கவுன் மாற்றவில்லை, பவுடர் போடவில்லை. பால் கறை படிந்த சட்டையோடு அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அண்ணன் யாருடைய காரையோ வாங்கிக்கொண்டு பறந்து வந்தான்.

அவசரப் பிரிவில் கூட்டம். அங்கே ஒரு இளம் டாக்டர், புதுசு, நெற்றியில் கை வைத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, இப்படிக் கொதிக்குது! வீட்ல ஒரு மாத்திரைகூடக் குடுக்காமயா தூக்கிட்டு வந்தீங்க? பெத்த அம்மாதானே நீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, சட்டை அழுக்கு. காலமெல்லாம் எந்தத் திட்டுக்குப் பயந்தார்களோ அந்தத் திட்டு, நாலு பேர் நடுவில்.

அண்ணன் முன்னால் வந்தான். "அது வந்து டாக்டர், பாப்பாவுக்கு ரத்தத்துல கொஞ்சம்..."

"ரத்தப் புற்றுநோய்" என்றாள் அவள்.

பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடைவரை போய்ப் பழகின குரல். கூடம் அப்படியே அடங்கியது. "இங்கதான் மருந்து ஏத்தறாங்க. எதிர்ப்பு சக்தி கிடையாது. மாத்திரை குடுக்கல, குடுக்கக் கூடாது. உடனே ஊசி மருந்து போடணும். குழந்தைங்க புற்றுநோய்ப் பிரிவு பெரிய டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இளம் டாக்டரின் முகம் மாறியது. "சாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் தோளில் கிடந்த தலை மெதுவாக நிமிர்ந்தது.

"அம்மா, எனக்கு வந்திருக்கறது அதுவா?"

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னவள், தோளில் இருந்தவளை மறந்துவிட்டாள். பலகையைப் படித்த நாளிலிருந்து அந்த வார்த்தையைப் பிள்ளையின் காதில் விழாமல் காத்தது அண்ணன் மட்டுமா? அவளும்தானே!

"ஆமாடி. அதான்."

"சரியாயிடுமா?"

கண்டிப்பா சரியாயிடும் கண்ணு. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணில் நீரோடு, சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற மாதிரி நின்றான். இத்தனை மாதம் அவன் எதை மென்று முழுங்கினான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவன்மேல் கோபம் தீரவில்லை.

"கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாதுடி" என்றாள். மைக்கில் பேசுகிற குரல் எங்கேயோ போய்விட்டது. "ஆனா நல்ல வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் எங்கிட்டயே சொன்னாங்க. நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

வாலு யோசித்தது. "சரி" என்று மறுபடி தோளில் சாய்ந்துகொண்டது.

கதவைப் பிடித்தபடி நர்ஸ் கூப்பிட்டாள். "ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

அண்ணன் பையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் பிள்ளையோடு உள்ளே போனாள்.